இதயம் நன்றாக இருக்கிறது என்கிறார்கள், பயம் மட்டும் ஏன் போகவில்லை?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். வயது 41. ஐந்து மாதத்துக்கு முன்னால் கார்டியாக் அரெஸ்ட், அதாவது இதயம் திடீரென்று வேலை செய்யாமல் நின்றுபோவது, வந்து வீட்டிலேயே விழுந்தீர்கள், மனைவி நெஞ்சை அழுத்தி சி.பி.ஆர். செய்தார், பிழைத்தீர்கள், தாளம் கெட்டால் ஷாக் கொடுத்துச் சரிசெய்யும் ஐ.சி.டி. என்ற கருவியை மார்பில் பொருத்தினார்கள். செக்கப்புக்குப் போகும்போதெல்லாம் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார். ஆனால் தூக்கம் இல்லை, தனியாக இருக்க முடியவில்லை, திடீர் திடீரென்று அழுகை வருகிறது, யாராவது மறுபிறவி என்று சொன்னால் சந்தோஷத்துக்குப் பதில் எரிச்சல் வருகிறது. இது எப்போது சரியாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். அப்புறம் கடைசி வரியில், போகிற போக்கில், நான்கு வயது மகளை அன்றிலிருந்து தூக்கவே இல்லை என்று ஒரு வார்த்தை. எனக்கு அந்த வரிதான் கேள்வியாகப் படுகிறது. ஒரு தடவை சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோன இந்த உடம்பை இனிமேல் எப்படி நம்புவது என்றுதான் நீங்கள் கேட்கிறீர்கள். அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் இதய சிகிச்சைப் பிரிவில் 16 வருடமாக நர்ஸ். அதில் கடைசி 11 வருடம் பேஸ்மேக்கரும் ஐ.சி.டி.யும் வைத்தவர்களைத் தொடர்ந்து பார்க்கும் கிளினிக்கில் வேலை. மனநல மருத்துவர் கிடையாது, உங்கள் ரிப்போர்ட் எதையும் பார்த்ததும் கிடையாது. அதனால் உங்களுக்கு அரெஸ்ட் ஏன் வந்தது, எந்த மாத்திரை, எவ்வளவு உடற்பயிற்சி என்பதெல்லாம் உங்கள் டாக்டர் முடிவு செய்ய வேண்டியவை. இந்த மாதிரி ஐந்தாவது மாதம், ஆறாவது மாதத்தில் வந்து "வெளியில் சொன்னால் நன்றிகெட்டவன் என்பார்கள்" என்று மெதுவாக ஆரம்பிக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன்.

முதலில் உறுதியாகத் தெரிந்த ஒன்று. உங்களுக்கு இருப்பது அபூர்வம் இல்லை. ஐ.சி.டி. வைத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சிகிச்சை தேவைப்படும் அளவுக்குப் பதற்றமோ மனச்சோர்வோ இருக்கிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அரெஸ்டிலிருந்து மீண்டவர்களில் சிலருக்கு, போரிலும் விபத்திலும் சிக்கியவர்களுக்கு வருவது போன்ற அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயும் வருகிறது. உங்கள் பயத்துக்கு ஒரு நியாயமும் இருக்கிறது. மாரடைப்பில் ரத்தக்குழாய் அடைபடும், பெரும்பாலும் வலியாவது வந்து எச்சரிக்கும். அரெஸ்டில் பல நேரங்களில் இதயத்தின் கீழறைகளில் மின்னோட்டம் குழம்பிப்போய், துடிப்பதற்குப் பதில் அது வெறுமனே நடுங்கும், சில நொடிகளில் நினைவு போய்விடும். சிலருக்கு அதற்கு முன் அறிகுறிகள் இருந்திருக்கும், நிறையப் பேருக்கு எதுவுமே இருந்திருக்காது. எச்சரிக்கை இல்லாமல் ஒரு முறை அடிபட்ட மனம், அடுத்த முறையாவது முன்கூட்டியே கண்டுபிடித்துவிட வேண்டும் என்று ராத்திரி பகலாக உடம்பைக் காவல் காக்கிறது. ஒவ்வொரு துடிப்பையும் எண்ணுகிறது. நீங்கள் தூங்காமல் இருப்பதற்குக் கோழைத்தனம் காரணமில்லை, அந்தக் காவல்தான் காரணம்.

அடுத்து சொல்லப்போவதைத்தான் எங்கள் துறையில் இருப்பவர்களே அடிக்கடி விட்டுவிடுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இதயம் நின்றிருந்த அந்த நிமிடங்களில் மூளைக்கும் ரத்தம் போகவில்லை. சி.பி.ஆர். கொஞ்சம் ரத்தத்தை அனுப்பும், முழுதாக அனுப்பாது. புது நினைவுகளைப் பதிந்து வைக்கும் பகுதி ஆக்சிஜன் குறைவுக்கு மிகச் சீக்கிரம் பாதிக்கப்படக் கூடியது. அதனால் ஸ்கேன் சாதாரணமாக இருந்து, பேச்சும் நடையும் பழையபடி இருந்தாலும்கூட, சிலருக்குப் பெயர்கள் மறக்கும், இரண்டு வேலையை ஒரே நேரத்தில் செய்ய வராது, கூட்டத்திலும் சத்தத்திலும் அரை மணி நேரம் இருந்தாலே படுத்துக்கொள்ள வேண்டும் போல் ஒரு களைப்பு வரும், சின்ன விஷயத்துக்குக் கோபமோ அழுகையோ பொத்துக்கொண்டு வரும். காரணமில்லாமல் அழுகை வருகிறது என்று நீங்கள் எழுதியதில் எவ்வளவு மனச்சோர்வு, எவ்வளவு மூளைக் களைப்பு, எவ்வளவு தூக்கமின்மை, எவ்வளவு மாத்திரையின் விளைவு என்பதை நேரில் பார்க்காமல் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகளே சிலரைச் சோர்வாக்கும், சிலருக்குக் கெட்ட கனவு வரவைக்கும். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிட வேண்டாம், அது ஆபத்து. ஆனால் கேளுங்கள். "எனக்கு நினைவாற்றலும் கவனமும் சோதித்துப் பார்க்க வேண்டும், பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் களைப்புக்கும் மதிப்பீடு வேண்டும்" என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள். இது அதிகப்படியான கோரிக்கை இல்லை. அமெரிக்க இதய சங்கம் 2020ல், உயிர் காக்கும் சங்கிலி என்று அவர்கள் சொல்லும் படிகளில் மீட்சி என்பதை ஆறாவது கண்ணியாகச் சேர்த்தது. ஐரோப்பிய வழிகாட்டுதலும் 2021ல், டிஸ்சார்ஜ் ஆன மூன்று மாதத்துக்குள் நினைவாற்றல், மனநிலை, களைப்பு மூன்றையும் பார்க்கச் சொல்லியிருக்கிறது. உங்களுக்கு ஐந்து மாதம் ஆகிவிட்டது. யாரும் பார்க்கவில்லை என்றால் விட்டுப்போன ஒன்றைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள்.

மறுபிறவி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் விழுந்தது உங்களுக்கு நினைவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன் இரண்டு நாளும் காணோம், ஐ.சி.யூ.வில் அரைகுறையாக ஏதோ சில காட்சிகள். அப்படியானால் எல்லோரும் கொண்டாடும் அந்தச் சம்பவத்தில் நீங்கள் இல்லவே இல்லை. இல்லாத ஒரு நினைவுக்கு எப்படி நன்றி வரும்? கூடவே ஒரு துக்கமும் இருக்கும். எதற்கும் யோசிக்காமல் மாடிப்படி ஏறிய அந்த ஆள் இப்போது இல்லை, அவருக்காக வருத்தப்பட யாரும் உங்களை விடுவதில்லை, ஏனென்றால் நீங்கள்தான் உயிரோடு இருக்கிறீர்களே. நான் பார்த்தவர்களில் நிறையப் பேருக்கு நன்றியுணர்ச்சி பிறகு, தானாக, வேறு ஏதோ ஒரு சாதாரண நாளில் வந்தது. வராமலே போனவர்களும் உண்டு, அவர்களும் நன்றாகத்தான் வாழ்கிறார்கள். அதை ஒரு கடனாக நினைத்து வரவழைக்கப் பார்க்காதீர்கள். அந்தக் காணாமல்போன நாட்களைப் பற்றி மட்டும், மனைவிக்குச் சம்மதம் என்றால், ஒரு நாள் உட்கார்ந்து மணிவாரியாகக் கேட்டு எழுதி வையுங்கள். யார் என்ன செய்தார்கள், எத்தனை மணிக்கு ஆம்புலன்ஸ் வந்தது, ஐ.சி.யூ.வில் எத்தனை நாள் என்றெல்லாம். நினைவு திரும்பாது, ஆனால் கதையில் இருந்த ஓட்டை அடைபடுவது பலருக்கு ஆறுதலாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இனி அந்தக் கருவி. அதன் மேல் உங்களுக்கு இருப்பது நம்பிக்கையா பயமா என்றே தெரியவில்லை என்றீர்கள், பலரும் அப்படித்தான் சொல்வார்கள். அதைக் கண்டுபிடித்த மிச்செல் மிரோவ்ஸ்கி என்ற டாக்டருக்கு அந்த யோசனை வந்ததே ஒரு துக்கத்திலிருந்துதான். 1966ல் அவருடைய ஆசிரியரும் நண்பருமாக இருந்தவர் இதயத் தாளக் கோளாறில் இறந்துபோனார், இப்படிப்பட்டவர்களை ஆயுள் முழுவதும் ஆஸ்பத்திரியிலேயே வைத்திருக்க முடியாதே, ஆஸ்பத்திரி செய்வதை உடம்புக்குள்ளேயே வைத்தால் என்ன என்று யோசித்தார். பலர் முடியாது என்றார்கள். 1980 பிப்ரவரியில் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதல் கருவி ஒரு மனிதருக்குள் வைக்கப்பட்டது. அப்போது அது நெஞ்சைத் திறந்து செய்யும் ஆபரேஷன், பெட்டி வயிற்றுப் பகுதியில் இருக்கும். இப்போது உங்கள் காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் இருக்கிறதே, அதற்கு அடிப்படை அதுதான்.

உங்கள் கருவி எந்நேரமும் ஒவ்வொரு துடிப்பையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் ராத்திரியெல்லாம் செய்யப் பார்க்கும் அதே காவல் வேலையை, உங்களைவிடத் துல்லியமாக, தூங்காமல் அது செய்கிறது. தாளம் வேகமெடுத்தால் பல நேரங்களில் ஷாக் கொடுக்காமலே, அதைவிடக் கொஞ்சம் வேகமாகச் சில சின்னத் தூண்டல்கள் கொடுத்துச் சரிசெய்துவிடும், உங்களுக்கு அது தெரியாமலேகூடப் போகலாம். அது பலிக்காவிட்டால், அல்லது தாளம் ஒரேயடியாகக் குலைந்திருந்தால்தான் ஷாக். அதிகபட்சம் சுமார் 35, 40 ஜூல் ஆற்றல். வலிக்குமா? விழிப்போடு இருந்தால் வலிக்கும், நெஞ்சில் உதை வாங்கியது போல் இருக்கும் என்பார்கள், ஒரு கணம்தான். அதை நான் உங்களிடம் மறைக்க மாட்டேன். நினைவு போன பிறகு வந்தால் பலருக்குத் தெரிவதே இல்லை. தேவையில்லாத ஷாக்கும் உண்டு, வேறு வகைப் படபடப்பையோ, கருவியிலிருந்து இதயத்துக்குப் போகும் வயரில் வந்த கோளாறையோ தவறாக எடுத்துக்கொண்டு கொடுத்துவிடும். அதைக் குறைக்க வழி இருக்கிறது: 2012ல் வெளியான மேடிட்-ரிட் என்ற ஆய்வில் 1,500 பேரிடம் பார்த்தபோது, கருவி தலையிடும் வேக எல்லையை உயர்த்தினாலோ, கொஞ்சம் பொறுத்துப் பார்க்கும்படி வைத்தாலோ தேவையற்ற சிகிச்சை வெகுவாகக் குறைந்தது, இறப்பும் குறைந்தது. உங்கள் கருவி எந்த வேகத்துக்கு மேல் போனால் செயல்படும் என்ற எண்ணை அடுத்த தடவை கேட்டு எழுதி வாங்கி வந்துவிடுங்கள். வேகமாக நடக்கும்போது துடிப்பு 120க்குப் போனால் ஷாக் அடிக்குமோ என்று பயந்து நடப்பதையே நிறுத்தியவர்களிடம், உங்கள் எல்லை அதைவிட எவ்வளவோ மேலே இருக்கிறது என்று அந்த எண்ணைக் காட்டியதும் அவர்கள் முகம் மாறுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

ஷாக் வந்தால் என்ன செய்வது என்று ஒரு திட்டம் எழுதி வீட்டில் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் ஒட்டி வையுங்கள். பொதுவாக நாங்கள் சொல்வது: ஒரே ஒரு ஷாக், பிறகு நீங்கள் சாதாரணமாக இருக்கிறீர்கள் என்றால் கிளினிக்குக்கு போன் செய்தால் போதும், அன்றோ மறுநாளோ பார்ப்பார்கள். ஒரு ஷாக்குக்குப் பிறகு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம், குழப்பம் இருந்தாலோ, 24 மணி நேரத்துக்குள் இரண்டோ அதற்கு மேலோ வந்தாலோ உடனே ஆம்புலன்ஸ். நீங்கள் விழுந்து மூச்சுப்பேச்சு இல்லாமல் கிடந்தால் கருவி இருக்கிறதே என்று யாரும் காத்திருக்கக் கூடாது, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு சி.பி.ஆர். ஆரம்பித்துவிட வேண்டும். உங்கள் கிளினிக் இதில் ஏதாவது மாற்றிச் சொன்னால் அவர்கள் சொல்வதையே கேளுங்கள்.

தூக்கம் பிடிக்கும் நேரத்தில் ஷாக் அடித்தது போல் தூக்கிவாரிப் போட்டது, கிளினிக்கில் பார்த்தால் கருவி எதுவும் செய்யவில்லை என்றார்கள், எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. இதற்குப் பெயரே இருக்கிறது, மாய ஷாக் என்று சொல்லலாம். நிஜ ஷாக் வாங்கியவர்களுக்கும் வரும், ஒரு தடவைகூட வாங்காதவர்களுக்கும் வரும், பெரும்பாலும் தூக்கத்தின் விளிம்பில் வரும். மூளை ஏன் இதைச் செய்கிறது என்பதற்குத் தெளிவான விளக்கம் இன்னும் யாரிடமும் இல்லை. பதற்றமும் மனச்சோர்வும் உள்ளவர்களிடம் அதிகம் காணப்படுகிறது என்பது வரைதான் சொல்லலாம். அந்த உணர்வு பொய்யில்லை, கருவி அடிக்கவில்லை என்பதும் நிஜம். அது வரும் ஒவ்வொரு தடவையும் நீங்கள் கிளினிக்குக்குச் சொல்லலாம், யாரும் சலித்துக்கொள்ளக் கூடாது.

படபடப்புக்கும் இதே வழி. பதற்றத்தால் வரும் படபடப்பா, நிஜமான தாளக் கோளாறா என்று உள்ளே இருந்துகொண்டு நீங்கள் பிரித்தறிவது கஷ்டம், எழுத்தில் படித்து நான் பிரிப்பது முடியவே முடியாது. ஆனால் மற்ற இதய நோயாளிகள் பலருக்கு இல்லாத ஒரு வசதி உங்களுக்கு இருக்கிறது. படபடப்பு வந்த தேதியையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். கருவியின் பதிவோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கலாம், வீட்டிலேயே தகவல் அனுப்பும் பெட்டி கொடுத்திருந்தால் நேரில் போகக்கூட வேண்டாம். ஒரு எச்சரிக்கை மட்டும்: கருவி அதற்கு வைத்திருக்கும் எல்லைக்குள் வருவதைத்தான் பதியும், அதைவிட மெதுவான சில கோளாறுகள் பதிவில் வராமல் போகலாம். எனவே பதிவில் ஒன்றும் இல்லை என்பது ஆபத்தான வேகத்தில் எதுவும் ஓடவில்லை என்பதற்குச் சான்று, எல்லாவற்றுக்கும் சான்று இல்லை. படபடப்போடு தலைசுற்றலோ மயக்கமோ வந்தால் குறிப்பெழுதிக்கொண்டு உட்காராமல் உடனே கூப்பிடுங்கள்.

சரி, பயம் எப்படிக் குறையும்? என் அனுபவத்தில் மிக உறுதியாக நான் சொல்லக்கூடியது இதைத்தான். பயம் போன பிறகு நடக்கலாம் என்று காத்திருந்தவர்களுக்குப் பயம் போகவில்லை. ஒன்றைத் தவிர்க்கும்போது அந்த நிமிடம் நிம்மதியாக இருக்கும், அந்த நிம்மதிதான் வலை. குளிக்கும்போது அரெஸ்ட் வந்த ஒருவர் கதவைத் தாழிடுவதை நிறுத்தினார், பிறகு தனியாகக் குளிப்பதை, பிறகு வெந்நீரை, கடைசியில் ஈரத்துணியால் துடைத்துக்கொள்வதோடு சரி. ஒவ்வொன்றும் அவருக்கு நியாயமாகத்தான் பட்டது. திரும்பி வந்ததும் அப்படித்தான், ஒவ்வொரு படியாக. இதய நோயாளிகளுக்கான மறுவாழ்வுப் பயிற்சி கிடைக்குமானால் அதில் சேருங்கள், மானிட்டரைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் ஆள் இருக்க இதயத்துடிப்பை ஏற்றி, அது தானாக இறங்குவதைக் கண்ணால் பார்ப்பதற்கு ஈடாக நான் எதையும் பார்த்ததில்லை. கூடவே எண்ணங்களையும் தவிர்ப்பையும் நேரடியாகக் கையாளும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, இதய நோயாளிகளோடு பழக்கமுள்ள ஒருவரிடம். ஐ.சி.டி. வைத்தவர்களிடம் அது பதற்றத்தைக் குறைக்கிறது என்பதற்கு ஆய்வுகள் இருக்கின்றன. மாத்திரை தேவைப்படலாம், அதில் தவறில்லை, ஆனால் மனச்சோர்வு மாத்திரைகளில் சில இதயத்தின் மின்னோட்டத்தைப் பாதிக்கக்கூடியவை, அதனால் எழுதித் தருகிறவருக்கும் உங்கள் இதய டாக்டருக்கும் ஒருவர் கொடுப்பது மற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தூக்கத்துக்காக மது பக்கம் போயிருந்தால் அதையும் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள், அன்றே யாரிடமாவது சொல்லி, உதவி கிடைக்கும் இடத்துக்குப் போய்விடுங்கள்.

எவ்வளவு நாளாகும் என்பதற்கு என்னிடம் தேதி இல்லை. முதல் ஆண்டு மேடு பள்ளமாக இருக்கும், பெரும்பாலானவர்களுக்குப் போகப்போக இறங்கும், அரெஸ்ட் வந்த தேதி நெருங்கும்போதும் ஒரு ஷாக் வந்துவிட்டாலும் மறுபடி ஏறும். டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் ஆட்டத்தின் நடுவில் விழுந்து, ஐ.சி.டி. பொருத்திக்கொண்டு, எட்டு மாதத்தில் மைதானத்துக்குத் திரும்பினார் என்று உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். கருவியோடு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அவர் நல்ல உதாரணம், ஆனால் அவருடைய எட்டு மாதத்தை உங்கள் நாள்காட்டியில் மாட்டிக்கொள்ள வேண்டாம். விழுந்த நிமிடமே பக்கத்தில் மருத்துவக் குழு இருந்தது, அடிப்படை இதய நோயும் ஆளுக்கு ஆள் வேறு.

உங்கள் மனைவியைப் பற்றி இரண்டு வரிதான் எழுதினீர்கள், ராத்திரி எழுந்து என் மூச்சைப் பார்க்கிறாள் என்று. உங்களுக்கு அந்த நாள் நினைவில்லை, அவருக்கு ஒவ்வொரு நொடியும் நினைவிருக்கிறது. தன் கைக்குக் கீழே உங்கள் விலா எலும்பு நொறுங்கிய சத்தத்தை அவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கலாம். கூட இருந்தவர்களுக்கு நோயாளியைவிட அதிகப் பதற்றம் இருப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன், அவர்களை யாரும் கேட்பதில்லை. அடுத்த தடவை கிளினிக்குக்கு அவரையும் கூட்டிப் போங்கள், கேள்வி கேட்கும் முறை அவருக்கும் வரட்டும். அவர் எழுந்து பார்ப்பதை நிறுத்தச் சொல்லிச் சண்டை போடாதீர்கள், வேண்டுமானால் எத்தனை தடவை என்று இருவரும் பேசி, ஒவ்வொரு வாரமும் ஒரு தடவையைக் குறைத்துப் பாருங்கள். தாம்பத்தியம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்கத் தயங்குகிறவர்கள்தான் அதிகம் என்பதால் நானே சொல்கிறேன்: இரண்டு மாடி ஏறி மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ இல்லை என்றால் பெரும்பாலும் தடை இருக்காது, ஷாக் வந்தாலும் அவருக்கு ஆபத்து இல்லை, அதிகபட்சம் லேசாகச் சுர்ரென்று இருக்கும்.

மகளுக்கு வருவோம். கையை உயர்த்தக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று சொன்னது வயர் இதயத்தில் பிடித்து நிற்பதற்காக, பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு. உங்களுக்கு ஐந்து மாதம் ஆகிவிட்டது. டாக்டர் உங்களுக்கென்று தனியாகத் தடை ஏதும் சொல்லியிருக்கிறாரா என்று ஒரு போன் செய்து கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் இருக்காது. பிள்ளையைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது ஷாக் அடித்தால் அவளுக்கு என்ன ஆகும் என்பதுதான் உள்ளே இருக்கும் பயம் என்று நினைக்கிறேன். அவளுக்கு ஒன்றும் ஆகாது, பயந்துபோவாள் என்றால் போவாள். நிஜமான ஆபத்து நீங்கள் மயங்கினால் கையிலிருந்து விழுவது, அதற்கு வழி இருக்கிறது. நின்றபடி தூக்க வேண்டாம். தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்ளுங்கள், மனைவி அதே அறையில் இருக்கட்டும், மகளை மடியில் ஏறச் சொல்லுங்கள். நெஞ்சு படபடக்கும், படபடக்கட்டும், இறக்கிவிடாமல் அது அடங்கும் வரை வைத்திருங்கள். மறுநாளும் அப்படியே. ஒரு வாரமோ இரண்டு வாரமோ போகட்டும், அப்புறம் நாற்காலியில், அப்புறம் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று. வயர் பக்கத்துத் தோளில் அவள் தலை இடித்தால் கொஞ்சம் வலிக்கும், அதனால் மற்றத் தோளில் சாய்த்துக்கொள்ளுங்கள்.